ஆக்ஸ்பரோ மாளிகை: கூரையைச் சரிசெய்யப் போய் மச்சுத் தூசியைப் படித்த கதை

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நாலு பக்கமும் அகழி சூழ நிற்கிறது ஆக்ஸ்பரோ மாளிகை. 2016-இல் அங்கே ஒரு சன்னல் விழுந்தது. அதைச் சரிசெய்யப் போன வேலை 2020-இல் வீட்டின் முதல் தலைமுறைக் காலம்வரை போய் முட்டியது. நடுவில் என்னென்ன முடிவு எடுத்தார்கள், எந்த முடிவு காப்பாற்றியது, எது வெறும் அதிர்ஷ்டம் என்று பழைய கட்டடங்களில் கை வைக்கிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன். வேலை செய்தவர்களின் பெயர்களைச் சேர்க்கவில்லை, அது இங்கே தேவைப்படவும் இல்லை.

பின்னணி: இந்த வீடு எந்தக் காலத்தது?

ஆவணத்தைக் கேட்டால் 1482 என்று சொல்லும். அந்த ஆண்டில்தான் நான்காம் எட்வர்ட் மன்னர், எட்மண்ட் பெடிங்ஃபெல்ட் என்ற நிலக்கிழாருக்கு மதிலும் கோபுரமும் எழுப்பி, அவற்றின் உச்சியில் கோட்டைகளில் இருப்பதுபோல் பல் பல்லாக ஞாயில் வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி தந்தார். நிலம் எட்மண்டின் பாட்டி வழியில் வந்தது. பாட்டியின் சகோதரர், ஆங்கில அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் தோற்ற பக்கம் நின்று 1462-இல் தலையை இழந்தவர், அதனால் சொத்து சகோதரிக்கு வந்து அப்புறம் பேரன் கைக்குப் போனது. இப்படி வந்த சொத்தில் வீடு கட்டுகிறவருக்கு மன்னரின் முத்திரை எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட அனுமதியை எல்லோரும் பாதுகாப்புக்காகத்தான் வாங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம், நானும் பெரிய மனிதன்தான் என்று ஊருக்குச் சொல்லவும் வாங்கினார்கள். ஆக்ஸ்பரோவின் வாயில் கோபுரத்தைப் பார்த்தாலே இது புரியும். இரு பக்கமும் வானத்தைத் தொடுகிற மாதிரி பலகோணச் சிறுகோபுரங்கள், உச்சியில் ஞாயில்கள், கீழே அகழி, எல்லாம் கோட்டை மாதிரியே இருக்கிறது, ஆனால் நடுவில் வாசலுக்கு மேலேயே பெரிய பெரிய சன்னல்கள். பீரங்கியோடு வருகிறவனுக்கு அந்தச் சன்னல் ஒன்று போதும். கட்டியது செங்கல்லில். செதுக்கிக் கட்டுகிற அளவுக்கு நல்ல கல் நார்ஃபோக்கில் அரிது என்பது ஒரு காரணம். ஆனாலும் கல்லுக்கு வழியில்லாமல் செங்கல்லுக்கு இறங்கினார்கள் என்று சொல்லிவிட முடியாது, 15-ஆம் நூற்றாண்டின் கிழக்கு இங்கிலாந்தில் செங்கல் பணக்காரர்களின் பொருள். அடுத்த மாவட்டமான லிங்கன்ஷயரில் டாட்டர்ஷல் கோட்டையின் பெரிய கோபுரமே செங்கல்தான். ஆக்ஸ்பரோ கோபுரத்துக்குள் சுழன்று ஏறும் படிக்கட்டில் கைப்பிடியைக்கூடச் செங்கல்லிலேயே வார்த்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பெருமை அந்தப் பொருள்மேல். 1487-இல் ஏழாம் ஹென்றி மன்னர் வந்து தங்கியதாகச் சொல்கிறார்கள், கோபுரத்தின் அறை ஒன்றுக்கு இன்றும் அரசர் அறை என்றுதான் பெயர்.

இதுவரை சரி. கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் கண்ணை நம்பக்கூடாது. இடைக்கால வீட்டின் இதயம் என்றால் அது பெருங்கூடம்: சாப்பாடு, வழக்கு, விருந்து, வேலையாட்களின் தூக்கம் எல்லாம் அங்கேதான். ஆக்ஸ்பரோவில் தெற்குப் பக்கம் இருந்த அந்தக் கூடத்தை 1775-இல் குடும்பத்தாரே இடித்துவிட்டார்கள். 1830-களில் வந்த தலைமுறைக்கு இடைக்காலத்தின்மேல் காதல் பிறந்து, கட்டடக் கலைஞரை வைத்துப் புதுக் கோபுரம், துருத்து சன்னல், அலங்காரப் புகைபோக்கி என்று பழமையைப் புதிதாகச் செய்து சேர்த்தார்கள். இன்று பார்க்கிறவர்கள் ஆகா என்று படம் எடுக்கிற பல பகுதிகள் அந்தக் காலத்துச் சரக்கு. ஆக வீட்டின் நடு இல்லை, ஓரங்கள் மாறிவிட்டன, கோபுரம் மட்டும் பெரும்பாலும் பழையபடி நிற்கிறது.

குடும்பத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், பின்னால் அது வேண்டிவரும். பெடிங்ஃபெல்டுகள் கத்தோலிக்கர்கள், முதலாம் எலிசபெத் காலத்தில் நாடு புராட்டஸ்டண்ட் பக்கம் மாறியபோது இவர்கள் மாறவில்லை. 1559-இல் புதிய வழிபாட்டு முறையைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. 1581-இல் அரசு தேவாலயத்துக்குப் போகாதவருக்கு மாதம் 20 பவுண்டு அபராதம் என்று ஆனது. 1585-இல் கத்தோலிக்கப் பாதிரி நாட்டுக்குள் இருப்பதே ராஜத் துரோகம், அவருக்கு இடம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை என்று ஆனது. வாயில் கோபுரத்தில் தரையோட்டுக்கு அடியில் பாதிரி ஒளிந்துகொள்ளும் பொந்து ஒன்று இன்றும் இருக்கிறது. ஆள் ஒளிய இடம் வைத்த வீட்டில் பொருள் ஒளியவும் இடம் இருந்திருக்கும்.

1951-இல் எல்லாம் முடிந்துபோகும் நிலை. வீடு கைமாறி இடிக்கப்படப் போகிற நேரத்தில் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள் தங்கள் சொந்த வீடுகளை விற்று இதைத் திரும்ப வாங்கினார்கள். அடுத்த ஆண்டே நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மட்டும் இல்லையென்றால் இந்தக் குறிப்பே இல்லை.

2016: சன்னல் விழுந்தது

கூரைச் சரிவிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் மாடச் சன்னல்களில் ஒன்று இடிந்து முற்றத்தில் விழுந்தது. விழுந்தது ஒரு சன்னல்தான், அதை மட்டும் திரும்பக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கும், ஏனென்றால் ஒரு சன்னலுக்குப் பணம் கேட்பது எளிது, முழுக் கூரைக்குக் கேட்பது கஷ்டம். இங்கே பொறியாளர்களை ஏற்றிப் பார்த்ததில் கோளாறு அந்தச் சன்னலோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. கூரை, மற்ற சன்னல்கள், புகைபோக்கிகள், வாயில் கோபுரம் என எல்லாவற்றுக்கும் வைத்தியம் தேவைப்பட்டது. ஏறத்தாழ 60 லட்சம் பவுண்டு செலவில் முழுவதையும் ஒரே திட்டமாகச் செய்வது என்று முடிவானது.

எடுத்த முடிவுகள், ஏன்

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பணத்தின் அளவு அல்ல, கூரை வேலையோடு சேர்த்து என்ன செய்யச் சொன்னார்கள் என்பது. சாரம் கட்டிக் கூரை ஓடுகளைப் பிரித்தால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கிடைக்கும் வாய்ப்பு வரும், சாதாரண நாளில் ஏணி போட்டாலும் எட்டாத இடம் கைக்கு எட்டும். அதனால் பழைய வண்ணப் பூச்சுகளின் ஆய்வு, சுவர்க் காகிதங்களின் ஆய்வு, சுவரிலும் மரத்திலும் முன்னோர் கீறி வைத்த கீறல்களின் பதிவு, கட்டடத்தின் அளவெடுப்பு எல்லாவற்றையும் வேலை தொடங்கும்போதே கேட்டு வாங்கினார்கள். வேலை முடிந்தபின் ஆய்வாளரை அழைப்பது நெல்லை அரைத்தபின் விதை தேடுவது மாதிரி.

இரண்டாவது முடிவு மச்சின் தரைப் பலகைகளைப் பற்றியது. கூரை வேலைக்காகப் பலகைகளை எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் அடியில் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த தூசி இருக்கும். மூட்டை கட்டிக் கீழே தள்ளுவதுதான் வழக்கமான வழி. தொழிலாளர்களுக்கும் அதுதான் நல்லது, பழைய தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு நாள்கணக்கில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இங்கே தூசியை ஓர் ஆவணமாக நினைத்து, ஒரு தொல்லியலாளரைப் போட்டு விரலால் தடவித் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். ஒப்பந்தக்காரர் காலெண்டரைப் பார்க்க, தொல்லியலாளர் தூசியைப் பார்க்க, நடுவில் திட்ட மேலாளர் தலையைப் பிடித்துக்கொள்ள, இப்படிப்பட்ட வேலையில் வழக்கமாக இருக்கும் இழுபறியை நினைத்தால் இது லேசான முடிவு இல்லை.

பலகையைத் திறந்தபோது

முதலில் கண்ணில் பட்டது பொருள் அல்ல, ஒரு வடிவம். தூசி தட்டையாகக் கிடக்கவில்லை, அலை அலையாகக் கிடந்தது. அலையின் முகடு சரியாக இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருந்த இடுக்குக்கு நேர் கீழே. காரணம் எளிது: மேலே பெருக்குகிறவர் தள்ளுகிற தூசியும் கைதவறி விழுகிற ஊசியும் கிழிந்த காகிதமும் இடுக்கு வழியாகத்தான் இறங்கும், அதனால் அங்கே குவியும், தள்ளிப் போகப் போகச் சரியும். யாராவது ஒருமுறை பலகையைத் தூக்கிக் கிளறியிருந்தால் இந்த அலை கலைந்திருக்கும். அலை அப்படியே இருந்தது என்றால் பல நூற்றாண்டுகளாக யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். கையில் ஒரு பொருளும் சிக்குவதற்கு முன்னரே இந்த இடம் நம்பகமானது என்ற சான்று கிடைத்துவிட்டது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்தது சுண்ணாம்பு. தூசிப் படலத்துக்கு அடியில் சுண்ணாம்புச் சாந்துப் படுகை ஒன்று இருந்தது, அது தூசியின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. காகிதத்துக்கும் துணிக்கும் எமன் ஈரம், ஈரம் இருந்தால் பூஞ்சையும் பூச்சியும் பின்னாலேயே வரும். அகழி நடுவே நிற்கிற வீட்டில் பொடியாகிப் போயிருக்க வேண்டிய பொருள்கள் இந்தச் சுண்ணாம்பின் தயவால் பிழைத்துக் கிடந்தன. யாரும் பாதுகாக்கத் திட்டமிடவில்லை.

ஊரடங்கும் தனி ஆளும்

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது, கட்டுமான வேலை நின்றது. தொல்லியலாளர் மட்டும் ஆளில்லாத மாளிகையின் மச்சில் தனியாகத் தேடலைத் தொடர்ந்தார். யாரும் வந்து நாளைக்கு இந்தப் பகுதி வேண்டும் என்று அவசரப்படுத்தவில்லை. பொறுமைக்குத் தேவையான நேரத்தை நோய் கொடுத்தது, இதைத் திட்டத்தின் சாமர்த்தியமாக எழுதினால் பொய்யாகிவிடும்.

வடமேற்கு மூலையில் பழைய எலிக் கூடுகள் இரண்டு அகப்பட்டன. எலி என்றால் நமக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் இந்த எலிகள் கூட்டுக்கு மெத்தை போடக் கிடைத்ததை எல்லாம் இழுத்து வந்திருக்கின்றன: பட்டு, வெல்வெட், சாட்டின், தோல், கம்பளி, பூவேலை செய்த துணி என்று 200-க்கு மேற்பட்ட துண்டுகள், பல எலிசபெத் காலத்தவை. கூடவே புத்தகத் தாள்கள், 16-ஆம் நூற்றாண்டில் கையால் எழுதிய இசைக் குறிப்புகளின் துணுக்குகள். எலிக்குப் பட்டு, பருத்தி பேதம் தெரியாது, தன் வழியில் கிடந்ததை எடுக்கும். அதனால் எந்த அரச குடும்பத்துச் சேகரிப்பிலும் பார்க்க முடியாத ஒரு கலவை இங்கே இருந்தது: தைத்து மிஞ்சிய வெட்டுத் துண்டும் நைந்துபோன ஓரமும். சீமாட்டியின் பட்டு உடை அருங்காட்சியகத்துக்குப் போகும், அதை வெட்டியவரின் கத்தரித் துண்டு குப்பைக்குப் போகும். இங்கே பிழைத்தது குப்பை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சாக்லெட் பெட்டி ஒன்றும் கிடைத்தது, காலியாக. யார் தின்றார் என்று பதிவு இல்லை.

தொழிலாளி கண்ட தங்க நிறம்

அடுத்த கண்டெடுப்பைச் செய்தவர் தொல்லியலாளர் அல்ல, ஒரு கட்டுமானத் தொழிலாளி. கூரை இறவாரத்துக்கு அடியில் இடிபாட்டில் ஏதோ மினுங்குவதைப் பார்த்து எடுத்திருக்கிறார். அது பதனிட்ட தோலில் எழுதிய ஓர் ஏடு. அகலம் 8, உயரம் 13 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. தங்கமும் நீலமும் இட்ட எழுத்துகள் அப்போதும் பளிச்சென்று இருந்தன. காலம் 15-ஆம் நூற்றாண்டு, அதாவது வாயில் கோபுரத்தின் வயது. அதில் இருந்தது லத்தீன் விவிலியத்தின் 39-ஆம் சங்கீதம், அதாவது இறைவனை நோக்கிய துதிப்பாடல், பிற மொழிபெயர்ப்புகளில் இதற்கு 40 என்று எண். அந்தச் சங்கீதம் தொடங்கும்போதே லத்தீனில் வினையை இரட்டித்துச் சொல்லும், ஆண்டவருக்காகக் காத்திருந்து காத்திருந்தேன் என்று நம் மொழியில் வருகிற மாதிரியே.

இவ்வளவு சிறிய ஏடு என்றால் தேவாலயப் பீடத்தில் வைத்துப் படிக்கிற புத்தகத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு, ஒருவர் தன்னோடு எடுத்துப் போகிற ஜெபப் புத்தகத்தின் தாளாக இருக்கலாம். அதே மச்சில் 1568-இல் அச்சான சங்கீதப் புத்தகம் ஒன்றும் தங்கம் பூசிய தோல் அட்டையோடு ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

தடை செய்யப்பட்ட மதம், ஒளிவிடம் உள்ள வீடு, மச்சில் ஜெப ஏடு: இந்த மூன்றையும் ஒரு வரியில் வைத்தால் ரகசியப் பூசைக்குப் பயன்படுத்திய புத்தகத்தை ஒளித்து வைத்தார்கள் என்று கதை தானாக எழுதிக்கொள்ளும். அப்படி நடந்திருக்கலாம், நம்பவும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏடு கிடைத்தது கலைந்த இடிபாட்டில், அலை கலையாத பலகை அடியில் அல்ல. யாராவது வேண்டுமென்றே செருகியதா, எலி இழுத்து வந்ததா, பின்னால் ஒரு கூரை வேலையில் வேறெங்கிருந்தோ உதிர்ந்ததா என்பதை அந்த இடத்தை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. துணிகளின் நிலை வேறு, எலிக் கூடும் அது இருந்த இடமும் கலையாமல் இருந்ததால் அவற்றைப் பற்றி உறுதியாகப் பேசலாம். ஒரே மச்சு, ஒரே வேலைக்காலம், ஆனால் இரண்டு சான்றுகளின் எடை ஒன்றல்ல. செய்திகளில் இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

வீட்டின் தொடக்கத்தைப் பற்றி என்ன கிடைத்தது என்று நேராகக் கேட்டால்: 1482-ஐ மாற்றுகிற எதுவும் இல்லை. கூடம் போன வீட்டில், 19-ஆம் நூற்றாண்டு இடைக்கால வேடம் போட்டுவிட்ட வீட்டில், கட்டிய தலைமுறையோடு ஒத்த வயதுள்ள ஒரு பொருள், யாரோ ஒருவரின் கையில் இருந்த பொருள், அந்தக் கூரைக்கு அடியிலேயே கிடைத்தது. அனுமதி ஆவணம் மன்னர் என்ன தந்தார் என்று சொல்லும். உள்ளே இருந்தவர் எதைப் படித்தார், எதை உடுத்தினார் என்று சொல்வது தூசிதான்.

பிறகு

2020 ஆகஸ்டில் கண்டெடுப்புகளை வெளியே சொன்னார்கள், உலகச் செய்தித்தாள்கள் பலவும் எலியைத் தலைப்பில் போட்டன. கூரை வேலையும் முடிந்து வீடு நிற்கிறது. துணிகளும் தாள்களும் பாதுகாப்பாளர்கள் கைக்குப் போயின.

திரும்பச் செய்தால் எதை மாற்றுவேன்

இவை என் கருத்துகள் மட்டும். முதலாவதாக, சன்னல் விழும்வரை காத்திருக்க மாட்டேன். 19-ஆம் நூற்றாண்டில் பழைய கட்டடத்தோடு புதியதைக் கோத்த இடங்கள்தான் சீக்கிரம் கழன்றுகொள்ளும், சுமை எங்கே இறங்குகிறது என்று கோத்தவரே சரியாகக் கணக்குப் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியாது. அந்த இணைப்புகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஏறிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, அந்தத் தொழிலாளி. தோல் ஏடு பிழைத்ததற்கு ஒரு மனிதரின் கண்தான் காரணம், எந்த நடைமுறையும் அல்ல. அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் அந்த 15-ஆம் நூற்றாண்டு ஏடு இடிபாட்டோடு லாரியில் போயிருக்கும். வேலை தொடங்கும் நாளிலேயே சாரத்தில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தோல் ஏடு எப்படி இருக்கும், பழைய காகிதம் எப்படி இருக்கும் என்று கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். கண்டதும் எடுக்காமல் அப்படியே விட்டுக் கூப்பிடச் சொல்ல வேண்டும், கூப்பிட்டதால் நிற்கும் வேலை நேரத்துக்குக் கூலி பிடிக்கமாட்டோம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பேச்சுத்தான்.

இறவாரத்து இடிபாட்டையும் பலகை அடித் தூசியையும் ஒரே மாதிரி நடத்துவேன். உத்தரத்துக்கு உத்தரம் எண் போட்டு, எந்த இடைவெளியில் அள்ளியதோ அந்த எண்ணை மூட்டையில் எழுதிவிட்டால் பின்னால் ஏதாவது கிடைக்கும்போது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ஓரளவாவது பதில் இருக்கும். செலவு ஒரு சாக்பீஸ்.

இன்னொன்று பெரிய மாளிகைகளுக்கு அல்ல, சிறிய பழைய வீடுகளுக்கு. மின்கம்பி மாற்றுகிறவரும் குளிர் தடுக்கப் பஞ்சு அடைக்கிறவரும் உறிஞ்சு குழாயை உள்ளே விட்டு அரை மணியில் சுத்தம் செய்துவிட்டுப் போகிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்கிற அந்த வேலையில்தான் தூசி அலைகள் அதிகம் அழிகின்றன என்று நினைக்கிறேன், எலியையும் இடிப்பையும்விட.

கடைசியாக, முழு மச்சையும் தேடியிருக்க மாட்டேன். கூரைக்குத் தொந்தரவு இல்லாத ஓர் இடைவெளியைத் திறக்காமல் விட்டு, பலகையின் அடியில் ஆண்டைப் பொறித்து, இங்கே யாரும் கை வைக்கவில்லை என்று எழுதி மூடியிருப்பேன். இன்னும் நூறு ஆண்டில் தூசியைப் படிக்க இன்று இல்லாத கருவி வந்திருக்கும், அன்றைக்கு மச்சில் ஏறுகிறவர் அந்த எழுத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.